வெள்ளிக்கிழமை ராகுகாலம் என் கணக்கு நேரம்

சில வருடங்களுக்கு முன் ஒரு வைகாசியில் 600 கல்யாணப் பத்திரிகைகளை என் கைக்காசு போட்டு மறுபடி அடித்துக் கொடுத்தேன். தேதி சரியாக இருந்தது, கிழமை தப்பு. பெண் வீட்டாரும் புரூஃப் (அச்சுக்கு முன் சரிபார்க்கிற மாதிரித் தாள்) பார்த்துக் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். ஆனாலும் கிழமை பார்ப்பது அச்சகத்தின் வேலை. பெண்ணின் அப்பா சத்தம்கூடப் போடவில்லை. "நாலு மூலையிலும் மஞ்சள் தடவிட்டோமேம்மா" என்று மட்டும் சொன்னார். அதற்கு நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

அந்தப் புரூஃபை நான் பார்த்த லட்சணம் இது: ஒரு காதில் போன், பேப்பர் கடைக்காரர் ஆர்ட் போர்டு ரேட் சொல்லிக்கொண்டிருந்தார். எதிரே பில் புக் வாங்க வந்தவர் மீதிச் சில்லறைக்காக நின்றார். மெஷின் அண்ணன் வாசலிலிருந்து "பிளேட் (அச்சுத் தகடு) போடலாமா?" என்றார். மூன்று பேருக்கும் சேர்த்து ஒரே தலையாட்டல்.

எங்களுடையது கும்பகோணத்தில் ஒரு சின்ன அச்சகம். மாமனார் டிரெடில் மெஷினும் ஈய எழுத்துமாக ஆரம்பித்தது. இப்போது ஒரு மினி ஆஃப்செட், ஒரு கட்டிங் மெஷின், இரண்டு கம்ப்யூட்டர், என்னையும் சேர்த்து ஆறு பேர். பெரிய நிறுவனங்களின் நிர்வாகப் பாடம் எனக்குத் தெரியாது. ஐந்தாறு ஆட்களை வைத்துக்கொண்டு, முதலாளியும் தானே, கேஷியரும் தானே, சமயத்தில் கூட்டிப் பெருக்குவதும் தானே என்று கடை நடத்துகிறவர்களுக்கு, நான் செய்து பார்த்தவை உதவலாம்.

முதலில் ஒரு வாரம் கோடு போடுங்கள்

மறு அச்சு முடிந்த மறுநாளே டேபிள் மேல் ஒரு வேஸ்ட் ஷீட்டைக் கிளிப் போட்டு வைத்தேன். யார் என்னிடம் எதைக் கேட்க வந்தாலும் ஒரு கோடு, பக்கத்தில் ஒரு வார்த்தை: ரேட், ரெடியா, சாவி, பேப்பர். எத்தனை நிமிடம் ஆனது என்றெல்லாம் குறிக்கவில்லை. அதைக் குறிக்கவே தனி ஆள் வேண்டும். ஒரு வாரத்தில் கோடுகள் 200-ஐத் தாண்டின. பாதிக்கு மேல் இரண்டே கேள்விகள்தான்: "இதுக்கு ரேட் என்ன?", "அவங்க வேலை ரெடியா?" ஓயாமல் உழைக்கிறேன் என்று நான் பெருமைப்பட்டுக்கொண்டிருந்த நேரத்தில் பாதி, விலைப்பட்டியலாகவும் விசாரணைக் கவுண்டராகவும் உட்கார்ந்திருந்திருக்கிறேன்.

நீங்கள் மருந்துக்கடை வைத்திருந்தாலும் சரி, ஒர்க்‌ஷாப் வைத்திருந்தாலும் சரி, இந்தக் கோடு போடாமல் அடுத்ததற்குப் போகாதீர்கள். உங்கள் கடையில் ஓட்டை எங்கே என்று எனக்குத் தெரியாது.

எனக்கு ஓட்டை ரேட்டில் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எழுதினேன்: 500 நோட்டீஸ் ஒரு கலர், 1,000 விசிட்டிங் கார்டு, பில் புக் சிங்கிள், டூப்ளிகேட், டிரிப்ளிகேட், பத்திரிகைக்கு நூற்றுக்கு அச்சுக்கூலி. லேமினேட் செய்து, கம்ப்யூட்டரில் பக்கம் வடிவமைக்கிற டிடிபி பெண்ணின் மானிட்டருக்குப் பக்கத்தில் ஒட்டினேன். 5,000 ரூபாய் வரை ரேட் பேசி முடிப்பது அவள் பொறுப்பு, என்னைக் கேட்க வேண்டாம். முதல் மாதம் டூப்ளிகேட் பில் புக்குக்கு சிங்கிள் ரேட் சொல்லிவிட்டாள். 600 ரூபாய்க்கு மேல் நஷ்டம். வாடிக்கையாளரிடம் சொன்ன ரேட்டுக்கே அடித்துக் கொடுத்தோம். அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் மறுநாளிலிருந்து எல்லாவற்றுக்கும் "அக்கா, இது எவ்வளவு?" என்று திரும்ப வந்து நின்றிருப்பாள். பொறுப்பைக் கொடுத்துவிட்டு ஒரு தப்பு நடந்ததும் பிடுங்கிக்கொள்வதற்கு, கொடுக்காமலே இருந்துவிடலாம்.

எந்த வேலைக்கும் இரண்டு தேதி

அவசரம் என்ற வார்த்தையை நம்புவதை விட்டுவிட்டேன். எங்கள் கவுண்டரில் அதைச் சொல்லாதவர்களே கிடையாது. அவசரத்தை நானே கண்டுபிடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

கல்யாணப் பத்திரிகையைப் பாருங்கள். வருகிறவர் கல்யாணத் தேதியைச் சொல்வார், இன்னும் இரண்டு மாதம் இருக்கிறதே என்று நாமும் ஓரமாக வைப்போம். எனக்கு வேண்டிய தேதி அது இல்லை. "பத்திரிகை எந்த நல்ல நாளில் வைக்க ஆரம்பிக்கிறீங்க?" என்று கேட்க வேண்டும். முதல் பத்திரிகை குலதெய்வத்துக்குப் போகும், அப்புறம் தாய்மாமன் வீடு, அப்புறம்தான் மற்றவர்கள். அந்த முதல் நாள் தவறினால் அடுத்த நல்ல நாள் பத்து நாள் தள்ளிப் போகலாம். அதனால் என் நோட்டில் ஏறுவது அந்த நாள்தான். பில் புக் கேட்டு வருகிறவரிடம் "கையில் இன்னும் எத்தனை புக் இருக்கு?" என்று கேட்பேன். இரண்டு இருக்கிறது என்றால் அவர் எவ்வளவு குதித்தாலும் எனக்கு ஒரு வாரம் இருக்கிறது. பாதி புக்தான் என்றால் அவர் பேசாமல் நின்றாலும் அன்றைக்கே நம்பர் தொடர்ச்சி கேட்டு வாங்கிப் பிளேட்டுக்குப் போய்விடும்.

சத்தம் போடுகிறவர் வேலையை முதலில் முடித்து, சாதுவாக நிற்கிறவர் வேலையைத் தள்ளிப்போடும் பழக்கம் எனக்கு வெகுநாள் இருந்தது. சாதுவானவர்கள் கடைசிவரை கேட்க மாட்டார்கள். அடுத்த தடவை வேறு அச்சகத்துக்குப் போய்விடுவார்கள், அவ்வளவுதான்.

நிஜமான அவசரம் எங்கள் தொழிலில் ஒன்று உண்டு: கண்ணீர் அஞ்சலி போஸ்டர். சாயந்திரம் ஆறு மணிக்குக் கசங்கிய சட்டையோடு ஒருவர் போட்டோவை நீட்டுவார். இரவுக்குள் ஒட்டியாக வேண்டும், காலையில் உடலை எடுத்துவிடுவார்கள். அதற்கு எந்த வேலையும் வழிவிடும். பேரம், ரேட் பேச்சு எதுவும் கிடையாது. இது என்றைக்கு வரும் என்று யாருக்கும் தெரியாது என்பதால், மெஷின் நேரத்தில் தினமும் ஒரு மணி நேரத்தை எழுதாமல் விட்டு வைக்கிறேன். போஸ்டர் வராத நாளில் அந்த ஒரு மணியில் மறுநாள் வேலை ஒன்று முன்னால் வந்துவிடும். நாள் முழுவதையும் நிரப்பி வைத்திருந்த காலத்தில், ஒரு போஸ்டர் வந்தால் அதற்குப் பின்னால் நான்கு பேரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியிருந்தது.

நோட்டில் மூன்றாவது கட்டம்

செயலி, சாஃப்ட்வேர் எல்லாம் முயன்றேன். என் மகன் போனில் ஏதோ போட்டுக் கொடுத்தான், கலர் கலராக இருந்தது. மை படிந்த கையோடு அதைத் தொட முடியவில்லை. இப்போது ஒரு நீள நோட்டு, அவ்வளவுதான். ஒரு வேலைக்கு ஒரு வரி. முதல் கட்டத்தில் பெயரும் வேலையும், இரண்டாவதில் போய்ச்சேர வேண்டிய நாள், மூன்றாவதில் "யாரால் நிற்கிறது".

இந்த மூன்றாவது கட்டத்துக்காகத்தான் இவ்வளவும் சொல்கிறேன். அச்சகத்தில் எந்த நேரமும் முப்பது வேலை இருக்கும். அதில் மெஷினில் ஓடுவது ஒன்றே ஒன்று, மற்றதெல்லாம் யாருக்காகவாவது நிற்கும். பார்ட்டி புரூஃப் தரவில்லை, பேப்பர் வரவில்லை, பிளேட் வரவில்லை, பைண்டிங் அக்காவுக்கு நம்பரிங் முடியவில்லை. இதையெல்லாம் பென்சிலால் எழுதுவேன், மாற மாற அழிப்பேன். ஷட்டரை இறக்குவதற்கு முன் அந்தக் கட்டத்தில் "நான்" என்று எழுதியிருக்கிற வரிகளை மட்டும் எண்ணுவேன். முதல் தடவை எண்ணியபோது 11 இருந்தன. பேப்பர் எது என்று நான் முடிவு சொல்லாததால் ஒன்று, ரேட் பேசாததால் ஒன்று, "நாளைக்குப் பார்க்கிறேன்" என்று புரூஃபை மேஜை இழுப்பறையில் போட்டதால் நான்கு. பையன் சரியில்லை, மெஷின் சரியில்லை, கரண்ட் சரியில்லை என்று நான் புலம்பிக்கொண்டிருந்த நாட்கள் அவை.

மறுநாள் காலையில் முதல் வேலை அந்த "நான்" வரிகள்தான். பணம் அதிகம் வருகிற வேலை, பெரிய மனிதர் வேலை என்ற வரிசையெல்லாம் அதற்கு அப்புறம். என்னால் நிற்கிற ஒரு வரியை நான் பத்து நிமிடத்தில் விடுவித்தால், மூன்று பேருக்கு அரை நாள் வேலை கிடைக்கிறது. நானே உட்கார்ந்து நூறு கவர் ஒட்டினால் நூறு கவர்தான் மிச்சம்.

காலை ஆறரையிலிருந்து எட்டு

புரூஃப் இப்போது அந்த நேரத்தில்தான் பார்க்கிறேன், வீட்டில், போனை உள் அறையில் வைத்துவிட்டு. மாமியார் காபி வைத்துவிட்டுப் போய்விடுவார். "அவ புரூஃப் பார்க்கிறா" என்றால் பால்காரர்கூடக் குரலைத் தாழ்த்துவார்.

எப்படிப் பார்க்கிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். முதலில் தினசரி காலண்டரில் தேதியையும் கிழமையையும் விரல் வைத்துப் பார்ப்பேன். அப்புறம் முகூர்த்த நேரம். திங்கட்கிழமை ஏழரையிலிருந்து ஒன்பது என்று போட்டிருந்தால் உடனே பென்சில் வட்டம், அது ராகுகாலம். கிழமையோ நேரமோ எங்கேயோ மாறியிருக்கிறது. பெயர்களை வாய்விட்டு, எழுத்துக்கூட்டிப் படிப்பேன், இனிஷியலோடு. மண்டபத்தின் பெயரும் ஊரும். போன் நம்பரைக் கடையில் டிடிபி பெண் ஒரு தடவை டயல் செய்து பார்ப்பாள். ஒரு பத்திரிகைக்கு இருபது நிமிடம். கடையில் இதே வேலை ஒரு மணி நேரம் இழுத்தது, அப்படியும் கிழமை தப்பியது.

உங்கள் தொழிலிலும் தப்பினால் திரும்ப எடுக்க முடியாத வேலை ஒன்று இருக்கும். கொட்டேஷனோ, அளவு எடுப்பதோ, மருந்துச் சீட்டு சரிபார்ப்பதோ. அது எது என்று கண்டுபிடித்து, யாரும் உங்களைக் கூப்பிடாத நேரத்துக்கு அதை மட்டும் நகர்த்துங்கள். மற்றதையெல்லாம் நடுவில் எழுந்து எழுந்து செய்யலாம், குடி முழுகிப் போகாது.

சிவப்பை ஏற்றினால் சிவப்பை முடி

இது மெஷின் அண்ணனிடம் கற்றது. எங்களுடையது ஒரு நேரத்தில் ஒரு கலர் அடிக்கிற மெஷின். கலர் மாற்ற ரோலரையெல்லாம் கழுவ வேண்டும், அரை மணி போய்விடும். அதனால் அவர் மஞ்சள் மாதிரி வெளிர் கலர்களை முதலில் ஓட்டுவார், அப்புறம் சிவப்பு, நீலம், கடைசியில் கறுப்பு. கறுப்புக்குப் பின் மஞ்சள் போட்டால் எவ்வளவு கழுவினாலும் அழுக்கு இழுக்கும். பத்திரிகைக்குக் கறுப்பு மை ஆகாது என்பதால் அது எப்போதும் காலை வேலை, பில் புக் சாயந்திர வேலை.

இதே ஒழுங்கை என் வேலைகளுக்கும் வைத்தேன். பேப்பர் ஆர்டரை ஒன்றொன்றாகப் போன் போட்டுச் சொல்லாமல் சனிக்கிழமை மொத்தமாக. பேங்க் வேலை வாரம் ஒரு தடவை. வாட்ஸ்அப் பதினொன்று, மூன்று, ஆறரை என்று மூன்று தடவை. "அவசரம் என்றால் கூப்பிடவும், மெசேஜ் பார்க்கத் தாமதமாகும்" என்று தானாகப் போகிற பதிலில் எழுதி வைத்திருக்கிறேன். ஆரம்பத்தில் இரண்டு பேர் கோபித்துக்கொண்டார்கள். இப்போது அவர்களும் மூன்று மணிக்குத்தான் அனுப்புகிறார்கள். ஐந்து நிமிட வாய்ஸ் மெசேஜில் பில் புக் விவரம் சொல்கிறவர்களுக்கு மட்டும் இன்னும் மருந்து கண்டுபிடிக்கவில்லை.

கரண்ட் இல்லாத நாளும் இப்படித்தான். மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை பேப்பரில் முன்கூட்டியே வந்துவிடும். அன்றைக்குக் கையால் செய்கிற வேலைகளை ஒதுக்கி வைப்போம்: பிரித்து அடுக்குவது, கவர் ஒட்டுவது, பேப்பர் இருப்பு எண்ணுவது, டெலிவரி. முன்பெல்லாம் அன்று டீ குடித்துக்கொண்டு மின்வாரியத்தைத் திட்டுவோம்.

ராகுகாலம்

ஜோசியத்தில் எனக்கு நம்பிக்கை இருக்கிறதா என்று கேட்காதீர்கள். வாடிக்கையாளருக்கு இருக்கிறது, அது போதும். கல்யாணப் பத்திரிகைக்கு யாரும் ராகுகாலத்தில் ஆர்டர் கொடுக்க வர மாட்டார்கள், அச்சடித்ததை எடுக்கவும் வர மாட்டார்கள். வெள்ளிக்கிழமை பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை எங்கள் கவுண்டர் ஈ ஓட்டும். வருடக்கணக்கில் அந்த ஒன்றரை மணியை வம்பு பேசித் தொலைத்திருக்கிறேன். இப்போது அது கணக்கு நேரம். அந்த வாரத்து பில், ரசீது, யார் பாக்கி, பேங்க் ஸ்டேட்மென்ட் எல்லாம் அதில் முடிந்துவிடும்.

வாராவாரம் செய்வதால் ஜிஎஸ்டி தேதி வரும்போது வயிற்றைக் கலக்குவதில்லை. மாதாமாதம் தாக்கல் செய்கிறவர்களுக்கு விற்பனை விவரம் அடுத்த மாதம் 11, ரிட்டர்ன் 20. எங்களைப் போல ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாய்க்குள் இருப்பவர்கள் காலாண்டு முறையைத் தேர்ந்தெடுக்கலாம். அதில் முதல் இரண்டு மாதங்களுக்கு வரியை மட்டும் அடுத்த மாதம் 25-க்குள் கட்டிவிட்டு, ரிட்டர்னை மூன்று மாதத்துக்கு ஒருமுறை போட்டால் போதும். வரி தாமதமானால் ஆண்டுக்கு 18 சதவீத வட்டி. ஆடிட்டரிடம் கடைசி நாளில் பையைக் கொண்டுபோய்க் கொட்டுகிறவர்களில் நானும் ஒருத்தியாக இருந்தேன். அவர் முகத்தைப் பார்க்கவே கூசும். உங்கள் ஊர், உங்கள் தொழிலுக்கு ஆள் வராத நேரம் வேறாக இருக்கலாம். அதை வேலைக்காரர்கள் உங்களைவிட நன்றாக அறிவார்கள், கேளுங்கள்.

பாக்கி வசூலில் ஒரு தப்புக் கணக்குப் போட்டேன். செவ்வாய்க்கிழமை கூட்டம் குறைவு, அன்றைக்கு வசூலுக்குப் போகலாம் என்று பையனை அனுப்பினேன். வெறுங்கையோடு வந்தான். செவ்வாயும் வெள்ளியும் கல்லாவிலிருந்து காசு எடுத்துக் கொடுக்க மாட்டார்கள் என்பது எனக்கே தெரிந்ததுதான். நானும் கொடுப்பதில்லையே! புதன்கிழமைக்கு மாற்றினேன், கொஞ்சம் கொஞ்சமாக வருகிறது. பெரிய நிறுவனங்கள் இழுத்தடித்தால் வேறு வழி: பில்லில் உத்யம் (சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு) எண்ணை அச்சடித்திருக்கிறேன். குறு, சிறு தொழில்களுக்கான 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் பாக்கி நிற்கக்கூடாது. சண்டை போடாமல், அந்தச் சட்டத்தைக் காட்டி ஒரு மெயில் போட்டால் அவர்களுடைய கணக்குப் பிரிவுக்குப் புரிந்துவிடும்.

ஆடிக்கு என்று ஒரு பட்டியல்

வருடத்துக்கும் இதே கதைதான். ஆடி, புரட்டாசி, மார்கழியில் கல்யாணம் கிடையாது. கோயில் நோட்டீஸ் வரும், ஆனாலும் மூச்சு விடலாம். வைகாசி நெரிசலில் "மெஷினுக்கு ரோலர் மாற்றணும்", "ரேட் அட்டையைத் திருத்தணும்", "மாடிக் குப்பையை எடைக்குப் போடணும்" என்று தோன்றுவதையெல்லாம் நோட்டின் பின்பக்கத்தில் "ஆடி" என்று தலைப்புப் போட்டு எழுதிவிடுவேன். எழுதியதும் மனசு அதை விட்டுவிடுகிறது. ஆடிப்பெருக்கன்று சிவகாசியில் புது வருடக் காலண்டர் ஆல்பம் வெளியிடுவார்கள், அதற்குப் பின் காலண்டர் ஆர்டர் பிடிக்க ஓட வேண்டும். எனவே ஆடிப் பட்டியலுக்கு நிஜத்தில் பதினெட்டு நாள்தான். அந்தப் பட்டியலுக்கும் கீழே "2028 மாசி" என்று ஒரு வரி இருக்கிறது. 2016 மகாமகத்தில் ஊருக்குள் வண்டி வர முடியாமல் பேப்பர் பண்டலைச் சைக்கிளில் தள்ளிக்கொண்டு வந்தோம். அடுத்த மகாமகத்துக்கு ஒரு மாதப் பேப்பரை முன்னாலேயே வாங்கி வைத்துவிட வேண்டும்.

இதையெல்லாம் ஒரே நாளில் ஆரம்பிக்காதீர்கள். எனக்கு இரண்டு வருடம் ஆனது. இன்னும் முகூர்த்த மாதங்களில் நோட்டு எழுதாத நாட்கள் உண்டு, அப்போது மறுநாள் யாராவது ஒருவர் என்னிடம் கோபித்துக்கொண்டு போவார். ஒரு வாரக் கோடு, அப்புறம் நோட்டில் மூன்றாவது கட்டம், அது கைக்கு வந்தபின் உங்கள் ராகுகாலத்தைத் தேடுங்கள்.

இன்றைக்கு வெள்ளிக்கிழமை, கணக்கு சீக்கிரம் முடிந்ததால்தான் இதை எழுத முடிந்தது. மணி பன்னிரண்டுக்கு இன்னும் ஐந்து நிமிடம். வாசலில் ஒரு அம்மாவும் அப்பாவும் மாதிரிப் பத்திரிகை ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, செருப்பைக் கழற்றாமல் நிழலில் நிற்கிறார்கள். உள்ளே கூப்பிட்டால் வர மாட்டார்கள். டிடிபி பெண் அவர்களுக்கு ஸ்டூல் எடுத்துக்கொண்டு போகிறாள்.